எந்தச் சொல்லைக் கேட்டு லொறியை எடுப்பது?

இந்தக் குளிர்காலத்தில் வீதி முன்னறிவிப்பு மேசைக்குப் புதிதாக வருகிறவர்களில் நான்கு பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று என்னோடு வேலை செய்த ஒருவர் சொன்னார். உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படியும் கேட்டார். காற்றழுத்தப் படங்களை எப்படி வாசிப்பது என்று நான் எழுதப் போவதில்லை. அதைப் படிப்பித்துத்தான் உங்களை அனுப்பியிருப்பார்கள். நான் எழுதப் போவது, சரியாகக் கணித்துவிட்டுப் பிழையாகச் சொன்ன கதைகளை. தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் இவற்றில் ஒரு கதை எவருக்குமே விளங்காது.

நான் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில். அதற்கு முன்னர் கொழும்பில் ஐந்து வருடம் வானிலை வேலை பார்த்தவள். மழை தெரியும், சூறாவளி தெரியும். தண்ணீர் தானாகக் கல்லாகிவிடும் என்பதைப் புத்தகத்தில் வாசித்ததோடு சரி. தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் குடும்பத்தோடு வாடகை அறை, அங்கிருந்து ரயிலில் நடு லண்டன், அங்கே ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் நான் வேலை பார்த்த கந்தோர். ராஜேஸ்வரி என்ற என் பெயரைச் சொல்ல ஒருவரும் பாடுபடவில்லை; முதல் நாளே நடுவில் இரண்டு எழுத்தைப் பிடுங்கி எடுத்து ‘ஜெஸ்’ ஆக்கிவிட்டார்கள். மூன்றாவது குளிர்காலத்தில் என்னை வீதி மேசையில் இருத்தினார்கள்.

மேசையின் வேலை சொல்வதற்குச் சுலபம். ஒவ்வொரு நாளும் மதியம் பன்னிரண்டு மணிக்கு லண்டனைச் சுற்றியுள்ள கவுன்சில்களுக்கு, அதாவது வீதிகளைப் பராமரிக்கும் உள்ளூராட்சி சபைகளுக்கு, ஒரு பக்க முன்னறிவிப்பை ஃபாக்ஸில் அனுப்ப வேண்டும். அன்று இரவு அந்தப் பகுதியின் வீதிகள் உறையுமா என்பதுதான் அதன் பொருள். ஒவ்வொரு கவுன்சிலிலும் ஒரு கடமை அலுவலர் அதைப் பார்த்து, லொறிகளை அனுப்பி வீதிகளில் உப்பு போடுவதா இல்லையா என்பதை மூன்று மணிக்குள் யோசித்து, ஆம் அல்லது இல்லை என்று முடிவு செய்வார். வீதி உறைவதற்கு முன்னரே உப்பைத் தூவிவிட்டால் தண்ணீர் உறையாது. உறைந்த பிறகு தூவினால் பாதிப் பலன்கூட இல்லை. ஆகையால் அந்த மூன்று மணி முடிவு முழுவதும் எங்கள் ஒரு பக்கத்தில் தங்கியிருந்தது.

என் முதல் பக்கங்களை நான் ஒரு கவிதைபோலச் செதுக்கினேன். வேற்று நாட்டுக்காரி, பெண், புதியவள். ஒரு சொல்லிலும் பிடிபடக் கூடாது என்ற பயம். டிசெம்பர் மாதத்தில் ஒரு நாள் வடக்கு லண்டன் கவுன்சில் ஒன்றுக்கு நான் அனுப்பிய வசனத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘வீதி வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்கு மேலேயே நிலவும், எனினும் உயர்ந்த பகுதிகளில் ஆங்காங்கே உறைவு ஏற்படுவதற்கான சாத்தியத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது.’ இந்த வசனத்தை எழுத எனக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. உறைந்தாலும் சரி, உறையாவிட்டாலும் சரி, வசனம் சரி.

இரண்டு மணிக்கு அந்தக் கவுன்சிலின் கடமை அலுவலர் தொலைபேசியில் வந்தார். பெயர் நேதன். அவரோடு நான் ஒரு மாதமாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். மிகச் சுருக்கமாகப் பேசும் ஆங்கிலேயர் என்பது என் எண்ணம். உப்பைப் போடவா, வேண்டாமா என்று கேட்டார். முடிவு உங்களுடையது, நான் முன்னறிவிப்பு மட்டுமே தருவேன் என்று மரியாதையாகச் சொன்னேன். சரி, குறித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வைத்த பிறகு எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லையைத் தாண்டாமல் நடந்துகொண்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அவருடைய பகுதியின் மேட்டு வீதியில் ஒரு பஸ் வளைவில் திரும்பாமல் நேரே போய், ஒரு பூங்காவின் வேலிப் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. உள்ளே பதினொரு பேர். ஒருவருக்கும் காயமில்லை. ஒரு மூதாட்டியின் பையில் இருந்த முட்டைகள்தான் போயின. ஆனால் அந்த வளைவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பஸ் ஒரு மணி நேரம் பிந்தி வந்திருந்தால் அந்த நடைபாதையில் யார் யார் நின்றிருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

நேதன் எட்டரைக்குத் தொலைபேசி எடுத்தார். சத்தம் போடவில்லை. என் வசனத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அவசரமில்லாமல் ஆறுதலாக வாசித்துக் காட்டினார். பிறகு, இதில் எந்தச் சொல்லைக் கேட்டு நான் லொறிகளை வெளியே எடுத்திருக்க வேண்டும் என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

“ஐயோ முருகா, இந்த மனுசனுக்கு நான் என்னெண்டு விளங்கப்படுத்திறது?”

நான் சரியாகப் பொத்தவில்லை. மறுபக்கத்திலிருந்து அதே குரல், அதே ஆறுதலோடு சொன்னது:

“தமிழிலையெண்டாலும் விளங்கப்படுத்துங்கோ. நான் கேக்கிறன்.”

அவர் நேதன் இல்லை. சுவாமிநாதன். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்து, எழுபதுகளில் பொறியியல் படிக்க வந்து, அப்படியே கவுன்சிலில் சேர்ந்துவிட்டவர். ‘நாதன்’ என்ற கடைசி மூன்று எழுத்தை மட்டும் கந்தோர் வைத்துக்கொண்டு, அதையும் ‘நேதன்’ என்று வாசித்ததாம். ஒரு மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வெள்ளைக்காரராக இருந்திருக்கிறோம். என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, நான் வேல்ஸ் நாட்டுக்காரி என்று அவர் தன் மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். அந்தக் காலை, ஒரு பஸ் புதருக்குள் நிற்கிற நிலைமையில், நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கியதும் சுவாமிநாதன் மறுபடி வேலைக்கு வந்தார். நேற்று மத்தியானம் உங்கள் மனதில் உண்மையில் என்ன இருந்தது என்று கேட்டார். நான் யோசிக்காமல் சொன்னேன்:

“மேட்டுப்பக்கம் கட்டாயம் உறையும். கீழ றோட்டுகள் தப்பும்.”

“இதைத்தானே நேற்றுச் சொல்லியிருக்க வேணும்,” என்றார்.

ஆறு சொல். முக்கால் மணி நேரம் செலவழித்து நான் அந்த ஆறு சொல்லையும் மறைத்திருந்தேன். நான் அறியாதவள் இல்லை, எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை, பிடிபடாமல் இருப்பதற்காகப் புகைக்குள் வைத்தேன். பிள்ளைகளே, ஐயத்தை ஐயம் என்று சொல்வது வேறு; பயத்தை ஐயம் என்று எழுதுவது வேறு. வாசிக்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். எழுதுகிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

அந்தக் கிழமையே சுவாமிநாதன் என்னைத் தங்கள் உப்புக் களஞ்சியத்துக்கு அழைத்தார். வந்து லொறியில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள் என்றார். விடுமுறை நாளில் போனேன். அங்கேதான் எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்தவரைச் சந்தித்தேன். அவர் வானிலை படித்தவர் அல்லர். ஜமேக்காவிலிருந்து வந்த லொறிச் சாரதி, என் வயதுதான். தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று பிற்காலத்தில் என்னிடம் சத்தியம் வாங்கியவர். ஆகையால் சாரதி என்றே சொல்கிறேன்.

உயரமான அந்த ஆசனத்தில் என்னை ஏற்றி, தன் குடுவையிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றித் தந்தார். பிறகு பகல் வெளிச்சத்தில் தன் முழுப் பாதையையும் சுற்றிக் காட்டினார். ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தில் நிறுத்தி, இதற்குக் கீழே மண் இல்லை, காற்றுத்தான், ஆகையால் எல்லாவற்றுக்கும் முந்தி இது உறையும் என்றார். கடைத்தெருவில், இங்கே கட்டடங்களின் சூடு இருக்கிறது, இது கடைசி என்றார். ஓடை ஓரப் பள்ளத்தில், இரவில் குளிர் வந்து படுக்கிற இடம் இது என்றார். நான் படத்தில் ஒரே நிறத்தில் தீட்டிய பகுதிக்குள் அவர் ஒன்பது வகை வீதிகளை வைத்திருந்தார்.

சுற்று முடிந்து களஞ்சியத்துக்கு வந்ததும் நேரத்தைப் பார்க்கச் சொன்னார். இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

நீங்கள் ஆறு மணிக்கு உறையும் என்று எழுதினால், எனக்கு அது மூன்று மணி என்றார் சாரதி. நீங்கள் உறைகிற நேரத்தைச் சொல்கிறீர்கள். நான் புறப்படுகிற நேரத்தைத் தேடுகிறேன்.

அன்றைக்கு ரயிலில் வீடு திரும்பும்போது நான் ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் புதிய பக்கம் ஒன்றை எழுதிப் பார்த்தேன். முதல் வரியில் என்ன நடக்கும். இரண்டாவது வரியில் எங்கே, எத்தனை மணிக்கு. மூன்றாவதில் நான் எவ்வளவு நிச்சயமாக இருக்கிறேன். நான்காவதில் என்ன நடந்தால் என் எண்ணத்தை மாற்றுவேன். அதற்குக் கீழேதான் மற்ற அழகுகள் எல்லாம். அதை மேலதிகாரியிடம் கொடுத்தபோது அவர், இது மிகவும் மொட்டையாக இருக்கிறதே என்றார். ஒரு கவுன்சிலுக்கு மட்டும் ஒரு மாதம் அனுப்பிப் பார்க்க அனுமதித்தார். மாதம் முடிய முன்னரே மற்றக் கவுன்சில்கள் தங்களுக்கும் அந்த மொட்டைப் பக்கம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கின.

இதோடு நான் எல்லாம் கற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த குளிர்காலம் வந்தது.

இதுதான் ஆங்கிலத்தில் எழுத முடியாத கதை. தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தமிழ்க் கடையில் நான் காய்கறி வாங்கப் போனால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “அக்கா, நாளைக்குப் பனி இருக்கோ?” நான் ஓம் என்பேன், இல்லை என்பேன். அவர்கள் எதை நினைத்துக் கேட்டார்கள், நான் எதை நினைத்துச் சொன்னேன் என்று நாங்கள் ஒருபோதும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கடையில் அது ஒரு கேடும் செய்யாது. கூடினால் ஒரு குல்லா அதிகமாகும்.

ஒரு வியாழக்கிழமை. ஃபாக்ஸ் இயந்திரம் காகிதத்தை விழுங்கிக்கொண்டு நின்றது. மூன்று கவுன்சில்கள் ஒரே நேரத்தில் தொலைபேசியில். நாலாவதாக சுவாமிநாதன். பக்கம் இன்னும் வரவில்லை, அவசரமாக ஒரு கூட்டத்துக்குப் போகிறேன், ஒரு சொல்லில் சொல்லுங்கோ என்றார். அப்போது நாங்கள் தமிழிலேயே கதைக்கப் பழகியிருந்தோம்.

“விடியப் பனி இருக்கோ?”

“ஓம், நல்ல பனி இருக்கு,” என்றேன்.

நான் சொன்னது, புல்லிலும் வீதியிலும் வெள்ளையாகப் படிகிற உறைபனியை. வழக்கம்போல உப்பு போட்டால் போதும். அவர் கேட்டதும் விளங்கிக்கொண்டதும் வானத்திலிருந்து கொட்டுகிற பனியை. நல்ல பனி என்றால் நிறையக் கொட்டும்.

அன்று பின்னேரம் அந்தக் களஞ்சியத்தில் நடந்ததை நான் பிறகு சாரதியிடம்தான் கேட்டேன். லொறிகளின் முன்னால் பனி தள்ளும் பெரிய தகடுகளைப் பூட்டினார்கள். விடுப்பில் நின்றவர்களை அழைத்தார்கள். தலைமை அதிகாரிக்குச் சொல்ல, அவர் பள்ளிக்கூடங்களுக்குச் சொல்ல, பள்ளிக்கூடங்கள் பெற்றோருக்குச் சொல்ல, அந்தப் பகுதிப் பிள்ளைகள் எல்லோரும் சறுக்குப் பலகைகளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு படுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே அழகான காலை அதுதான். ஒரு முகில் இல்லை. நல்ல வெயில். புல் நுனிகளில் மெல்லிய வெள்ளை. அதற்கு நடுவே நான்கு லொறிகள் மூக்கில் இரும்புத் தகடுகளைச் சுமந்துகொண்டு, தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் வெயிலில் ஊர்வலம் போயின. பிள்ளைகள் வாசலில் நின்று கையைக் காட்டினார்களாம். சாரதியும் பதிலுக்குக் கையைக் காட்டியபடி முழுப் பாதையையும் சுற்றி முடித்திருக்கிறார்.

தலைமை அதிகாரி சுவாமிநாதனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். சுவாமிநாதன் நேர்மையான மனிதர், உள்ளதைச் சொன்னார். எங்கள் மொழியில் புல்லில் படிவதற்கும், காலையில் புகைபோல மூடிக் கிடப்பதற்கும், வானத்திலிருந்து கொட்டுவதற்கும், இலையில் நிற்கிற நீர்த்துளிக்கும் ஒரே சொல்தான் என்று. அதிகாரி, வெப்ப நாட்டு மக்களிடம் நான் குறை காண முடியாது, ஆனால் இனிமேல் காலநிலையை ஆங்கிலத்தில் பேசுங்கள் என்றாராம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த சத்தம் தட்டச்சு அறை வரைக்கும் கேட்டதாம்.

நான் சுவாமிநாதனிடம் மன்னிப்புக் கேட்கத் தொலைபேசி எடுத்தேன். அவர் தன்மேல் பிழை என்றார், நான் என்மேல் பிழை என்றேன். கொஞ்ச நேரம் இப்படிப் பிழைக்காகப் போட்டி போட்ட பிறகு, இரண்டு பேருமாகத் தொலைபேசியிலேயே யோசித்தோம். முதல் வருடம் ஆங்கிலம் எங்களைக் கெடுத்தது என்று நினைத்தோம். இந்த முறை தமிழ் கெடுத்தது. அப்படியானால் கெடுத்தது மொழி இல்லை. நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. அதுதான் விஷயம்.

அன்று நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் எளியது. அதை நான் ஓய்வு பெறும்வரை எல்லாக் கவுன்சில்களோடும் கடைப்பிடித்தேன். நான் சொல்லி முடித்ததும் மறுபக்கத்தில் இருப்பவர் என் சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். தான் என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொல்ல வேண்டும். சொற்களைத் திருப்பிச் சொன்னால் ‘நல்ல பனி’ என்று அப்படியே திரும்பி வந்திருக்கும், நானும் ஓம் என்றிருப்பேன். ‘தகட்டைப் பூட்டப் போறன்’ என்று அவர் சொல்லியிருந்தால் நான் கதிரையிலிருந்து எழும்பியிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை வந்தது. அதைப் பற்றிச் சொல்லிவிட்டு உங்களை விடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. மண்டபம் கிடைத்தது, முன்பு பஸ் புதருக்குள் போன அதே மேட்டு வீதிப் பள்ளிக்கூடத்தில். லண்டனின் மறுபக்கங்களான எட்மண்டன், ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். என் மூத்த மகளின் நடனம் இருக்கிறது. நிகழ்ச்சி அறிவிப்பாளர் நான். எனக்கு மூன்று மணி வரை வேலை, ஐந்தரைக்கு மண்டபத்தில் நிற்க வேண்டும்.

காலையிலிருந்து மழை. மழை விட்டதும் முகில் கலைந்து வானம் வெளிக்கும், வெளித்தால் வீதி வேகமாகக் குளிரும், உறையும். இதில் சந்தேகமில்லை. கேள்வி ஒன்றுதான்: மழை எத்தனை மணிக்கு விடும்? மழைக்குள் உப்பு போட்டால் அது கழுவுப்பட்டுச் சாக்கடைக்குப் போய்விடும். மழை விட்டு மிகவும் பிந்திப் போட்டால் வீதி உறைந்துவிடும். என்னிடம் இரண்டு கணினிக் கணிப்புகள் இருந்தன. ஒன்று நான்கு மணி என்றது. மற்றது ஆறரை என்றது. நான் நான்கு மணியை எடுத்து, பன்னிரண்டு மணிப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன்.

ஏன் நான்கு மணியை எடுத்தேன்? காகிதத்தில் அதற்கு நல்ல காரணங்கள் எழுதியிருந்தேன். உண்மையான காரணம், பட்டுச் சேலையோடு சனம் மழைக்குள் வந்து இறங்கக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். விழாக் குழுவுக்கும் காலையில் தொலைபேசி எடுத்து, பின்னேரம் மழை இராது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இதை நான் அப்போது எனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு மணிக்கு மேற்கிலிருந்து வந்த அவதானிப்புகளைப் பார்த்தேன். மழை மேகம் வேகத்தைக் குறைத்துவிட்டிருந்தது. நான்கு மணிக்கு விட வழியே இல்லை. நான் எழுதியது பிழை.

மேலதிகாரியிடம் காட்டினேன். ஆறு மணிக்கு எப்படியும் மாலைப் பக்கம் போகும், அதில் திருத்தலாம், இப்போது மாற்றினால் எங்களுக்குத்தான் வெட்கம் என்றார். அவர் கெட்டவர் அல்லர். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் எனக்கு அந்த லொறி ஆசனமும் இரண்டே முக்கால் மணி நேரமும் நினைவில் இருந்தன. ஆறு மணிக்குத் திருத்தினால், நான்கு மணிக்கே புறப்பட்ட லொறிகள் முழு உப்பையும் மழைக்குள் கொட்டிவிட்டு வந்து நிற்கும். அவரிடம் இதைச் சொன்னேன். பெருமூச்சு விட்டு, உன் கையெழுத்தில் அனுப்பு என்றார்.

புதிய பக்கத்தின் முதல் வரியாக, பன்னிரண்டு மணிப் பக்கத்தை எறிந்துவிடுங்கள், அது பிழை என்று எழுதினேன். அந்த வரியை எழுதக் கை கூசியது. ஆனால் அதை நான்காவது வரியில் வைத்திருந்தால் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்தது: மழை ஆறரை வரை. அதற்கு முன் உப்பு போடாதீர்கள். மேட்டு வீதிகள் ஒன்பது மணிக்கு உறையத் தொடங்கும். இதில் நான் நிச்சயம். மழை விடும் நேரம் அரை மணி முன்பின்னாகலாம், இதில் நிச்சயமில்லை.

பிறகு சுவாமிநாதனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய லொறிகள் நான்கு மணிக்குப் புறப்படத் தயாராக நின்றன. நிறுத்தச் சொன்னேன். நான்கு மணிக்குப் புறப்பட்டு ஏழுக்குள் வேலையை முடித்துவிடலாம் என்று அவர் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறார். பிந்தினால் அவர்களை மாலை முழுவதும் மறித்து வைக்க வேண்டும். நான் மறுபடியும் பிழை விட்டால் அந்தப் பகுதி முழுவதும் உப்பில்லாமல் கிடக்கும்.

“நிச்சயமோ?” என்று கேட்டார்.

“உறையுறது நிச்சயம். ஆறரைக்கு முந்திப் போட்டால் வீண் எண்டதும் நிச்சயம்.”

“சரி. ஆறரைக்கு எல்லா லொறியும் வாசலில நிக்கும், மழை விட்ட உடன வெளிக்கிடும். மேட்டுப்பக்கம் முதல். பள்ளிக்கூடத்து றோட்டு எட்டுக்குள்ள முடியும்.”

எனக்கு ஒன்று உறுத்தியது. பள்ளிக்கூடத்து வீதியை முதலில் போடுவது எங்கள் ஆட்கள் வருகிறார்கள் என்பதாலா என்று கேட்டேன்.

“பஸ் போற றோட்டு ராஜேஸ்வரி. ஒருத்தரும் பொங்காட்டிலும் அதுதான் முதல்,” என்றார்.

ஐந்தரைக்கு நான் மண்டபத்துக்குப் போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் குடையை உதறி என்மேல்தான் தெளித்தார்கள். விழாக் குழுத் தலைவர் என் முன்னால் வந்து தன் நனைந்த சால்வையைப் பிழிந்து காட்டினார். என் வாழ்க்கையில் மழை பெய்வதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஐந்தே முக்காலுக்குப் பெய்தது. ஆறேகாலுக்கும் பெய்தது. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே நான் பின்கதவுக்கு ஓடி ஓடிக் கையை நீட்டிப் பார்த்தேன். ஆறு நாற்பதுக்கு உள்ளங்கை நனையவில்லை. அண்ணாந்து பார்த்தேன். மேற்கே ஒரு கீறலாக வானம் திறந்து, அதில் நட்சத்திரங்கள் தெரிந்தன.

என் மகளின் நடனத்தை அறிவிக்க மேடையில் நின்றபோது ஏழேகால் இருக்கும். குருவின் பெயரைச் சொல்லி, பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே கனமான ஒரு லொறி மேட்டில் ஏறும் இரைச்சல். அதோடு, நிறுத்தியிருந்த கார்களின் பக்கங்களில் அரிசியை அள்ளி எறிந்தாற்போல உப்பு படபடத்துத் தெறிக்கிற சத்தம். நான் அப்படியே நின்றுவிட்டேன். சொந்த மகளின் பெயரைத் தாய் மறந்துவிட்டாள் என்று மண்டபம் முழுவதும் சிரித்தது. மகள் திரைக்குப் பின்னாலிருந்து தன் பெயரை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். நானும் சிரித்தேன். அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் எதற்குச் சிரித்தேன் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஒன்பதரைக்கு விழா முடிந்தது. வெளியே மூச்சு புகையாக வந்தது. பள்ளிக்கூடத்துப் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடந்தது. வீதி மட்டும் கறுப்பாக, ஈரமாக, உப்புப் பரல்களோடு பளபளத்தது. வாசலில் சுவாமிநாதன் கவுன்சிலின் மஞ்சள் அங்கியோடு நின்று குனிந்து வீதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அவர் கையில் ஒரு கிண்ணம் பொங்கலைக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

முந்நூறு பேர் அந்தச் சரிவில் இறங்கினார்கள். குழந்தையைத் தோளில் போட்டவர்கள், ஹீல் செருப்போடு வந்தவர்கள், மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனவர். ஒருவர்கூட வீதியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவில்லை. காலுக்கடியில் ஏன் நொறுநொறுக்கிறது என்று கேட்டார்கள். புதுக் கார் வாங்கிய ஒருவர் கதவைத் தடவிப் பார்த்துக் கவுன்சிலைத் திட்டினார். ஊரில் பள்ளி அதிபராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும், காஞ்சிபுரப் பட்டின் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவாமிநாதனின் முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, நீர் கவுன்சில் ஆளோ? இப்பிடியோ உப்பை அள்ளிக் கொட்டுறது? சீலைக்கரை முழுக்க உப்பு.”

சுவாமிநாதன் பொங்கல் கிண்ணத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு, பணிவாகச் சொன்னார்:

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா.”

அந்த அம்மா அதோடு விடவில்லை. இந்த நாட்டில் எதையுமே அளவாகச் செய்யத் தெரியாது என்று தொடங்கி, வெறும் செருப்போடு, எவருடைய கையையும் பிடிக்காமல், ஒரு இடத்திலும் கால் இடறாமல், பஸ் தரிப்பு வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்து போனார். நாங்கள் இரண்டு பேரும் அவர் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.